சீழ்க்கையடிக்கும் குறுந்தகடு

நடன அரங்குகளில் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் மௌனம் விழாமல் ஒலிக்கச் செய்பவரை டி.ஜே. என்று அழைக்கிறோம். முதல் பாடல் முடியும் முன்பே இரண்டாவதைத் தொடங்கி, இரண்டின் தாள அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி சரிசெய்து, பிறகு முதலாவதை மெல்லக் குறைத்துவிடுவது அவருடைய தொழில். ஆடுபவரின் கால் தடுமாறக் கூடாது. இதற்கு வேண்டியவை, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள இரண்டு டெக்குகள், இரண்டின் ஒலியையும் கலக்க ஒரு மிக்சர், அரங்கில் கேட்காமல் தாம் மட்டும் கேட்டுப் பார்க்க ஒரு ஹெட்போன்.

கருவிகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 இசைத்தட்டுச் சுழலியில் இடையே பட்டை கிடையாது. மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றியது. 2001-இல் பயனியர் நிறுவனம் வெளியிட்ட சி.டி.ஜே.-1000, குறுந்தகட்டையும் இசைத்தட்டைப் போலக் கையால் முன்னும் பின்னும் தள்ளி ஒலிக்கச் செய்ய வழி வகுத்தது. அதே ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் டூ ஹாஸ்டே ஆண்டர்சன் என்ற ஆய்வு மாணவர் தம் ஆராய்ச்சியின் பகுதியாக ஒரு மென்பொருளைத் தொடங்கினார். 'மிக்ஸ்' என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது இறுதியில் மூன்று எக்ஸ் எழுத்துகள். பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இது இலவசமாகக் கிடைக்கிறது. மூல நிரலையும் யாரும் திறந்து படிக்கலாம். 2020-இல் வந்த சி.டி.ஜே.-3000 போன்ற புதிய டெக்குகளில் தகடு செருகும் வாயே இல்லை. ஆயினும் பழைய சி.டி. டெக்குகள் இன்னும் உழைக்கின்றன. அவற்றின் பக்கத்தில் ஒரு மடிக்கணினியில் மிக்ஸை வைத்துப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதே நம் விசாரணை.

முதலில் ஒரு பழைய சண்டையைத் தீர்த்துவிடுவோம். 'சி.டி. டெக்காரர் கையால் வாசிக்கிறார். மடிக்கணினிக்காரர் பொத்தானை அழுத்துகிறார்' என்று சொல்வோர் உண்டு. இசைத்தட்டை மனத்தில் வைத்து இப்படிச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஒலி பதிந்த பள்ளத்தைத் தாங்கும் தட்டையே விரல் தொடுகிறது. சி.டி. டெக்கில் அப்படியல்ல. சாதாரணமாக ஒலிக்கும்போது குறுந்தகடு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றுகளில் தொடங்கி, லேசர் கதிர் உட்புறத்திலிருந்து வெளியே நகர நகர, 200 சுற்றுகள் வரை வேகம் குறைந்துகொண்டே தன்பாட்டில் சுழல்கிறது. மேலே நாம் திருப்பும் சக்கரத்துக்கும் அந்தத் தகட்டுக்கும் எந்திரத் தொடர்பு ஏதும் இல்லை. டெக் தகட்டிலிருந்து படித்ததை நினைவகத்தில் நிரப்பி வைத்துக்கொள்கிறது. சக்கரம் எவ்வளவு திரும்பியது என்று எண்ணி, அந்தக் கணக்குப்படி நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கிறது. ஆகவே சி.டி. டெக்கும் ஒரு கணிப்பொறிதான். திரை சிறியது, அவ்வளவே.

நிற்க. மிக்ஸின் வசதிகளில் இயற்பியல் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அதுவே கட்டுப்பாட்டுத் தகடு. இந்தக் குறுந்தகட்டில் பாட்டே கிடையாது. நேராகக் கேட்டால் காதைத் துளைக்கும் ஒரு சீழ்க்கைதான். செரட்டோ நிறுவனத்தின் தகட்டில் அந்தச் சீழ்க்கையின் அதிர்வெண் 1000 ஹெர்ட்ஸ். டெக்கில் இந்தத் தகட்டை ஓட்டி, அதன் வெளியீட்டுக் கம்பியை மடிக்கணினியுடன் இணைக்கிறோம். பாட்டு இருப்பது மடிக்கணினிக்குள். டெக்கின் வேகத்தை 5 சதவீதம் கூட்டினால் சீழ்க்கை 1050 ஹெர்ட்ஸாக உயர்கிறது. மென்பொருள் அதை அளந்து பாட்டையும் 5 சதவீதம் விரைவுபடுத்துகிறது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் சீழ்க்கை நிற்கிறது, பாட்டும் நிற்கிறது.

சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பினால்? ஒரே ஒரு சைன் அலையை முன்னால் ஓட்டினாலும் பின்னால் ஓட்டினாலும் ஒன்றுபோலத்தானே இருக்கும்! இந்தச் சிக்கலை எவ்வளவு எளிதாகத் தீர்த்திருக்கிறார்கள், பாருங்கள். இடது தடத்திலும் வலது தடத்திலும் அதே சீழ்க்கை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையே 90 பாகை கட்ட வேறுபாடு. ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதைச் செங்குத்து அச்சிலும் வரைந்தால் என்ன வரும் என்பது லிசாஜு வடிவங்களைப் படித்த மாணவர்களுக்குத் தெரியும். வட்டம். தகடு முன்னோக்கி ஓடும்போது புள்ளி ஒரு திசையில் சுற்றும். பின்னோக்கி ஓடினால் எதிர்த்திசையில் சுற்றும். ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காக வரைந்த வட்டம், இங்கே ஒருவரின் கையசைவைப் பாட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

இத்துடன் முடியவில்லை. பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதும் தெரிய வேண்டுமே. ஒவ்வோர் அலையின் வீச்சையும் சற்றே கூட்டியோ குறைத்தோ 1 அல்லது 0 என்ற குறியை அதில் பதித்திருக்கிறார்கள். அடுத்தடுத்து வரும் எந்த 20 குறிகளை எடுத்தாலும், அதே வரிசை தகட்டில் வேறெங்கும் வராது. இருபது குறிகளால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகளை அமைக்கலாம். விநாடிக்கு ஆயிரம் வீதம் செலவழித்தாலும் 17 நிமிடங்களுக்குப் போதும். 20 அலைகள், அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கேட்டாலே மென்பொருள் தன் இருப்பிடத்தை அறிந்துவிடும்.

இதில் சுற்றுவழி இல்லாமல் இல்லை. தகட்டில் இருப்பது எண்கள். டெக் அவற்றை அலையாக்குகிறது. மடிக்கணினி அந்த அலையை மீண்டும் எண்ணாக்கி, பாட்டைத் தேடி, மறுபடியும் அலையாக்குகிறது. மூக்கைத் தலையைச் சுற்றித் தொடும் கதைதான். பிற்காலத்து டெக்குகள் சில யு.எஸ்.பி. கம்பி வழியே சக்கரத்தின் எண்ணிக்கையை நேராகவே அனுப்பிவிடுகின்றன. ஆனால் அந்த வசதியில்லாத பழைய டெக்கையும் இந்தச் சீழ்க்கை பயனுள்ளதாக்குகிறது என்பதை மறக்கலாகாது.

இங்கே ஒரு கண்ணி உண்டு. வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் பாட்டின் சுருதி ஏறத்தாழ அரைச் சுரம் ஏறிவிடும். இதைத் தவிர்க்க, வேகம் மாறினாலும் சுருதி மாறாதபடி காக்கும் பொத்தான் ஒன்று சி.டி. டெக்கில் உண்டு. பாட்டுத் தகட்டுக்கு அது நல்லது. கட்டுப்பாட்டுத் தகட்டை ஓட்டும்போது அதை அழுத்தினால் காரியம் கெட்டது! சீழ்க்கையின் அதிர்வெண்தான் செய்தி; அதை மாறாமல் காப்பது என்பது செய்தியை அழிப்பது. சுருதி காக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிட்டு டெக்கில் அந்தப் பொத்தானை அணைத்துவிட வேண்டும். காரணம் தெரியாதவர் கம்பியைக் குறை சொல்வார், மடிக்கணினியைக் குறை சொல்வார். உண்மையான குற்றவாளியை நெருங்கவே மாட்டார்.

இனி என் குறைக்கு வருகிறேன். மிக்ஸின் திரையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடத்துக்கு எத்தனை தாள அடிகள் என்ற எண் தசமத்துடன் மின்னுகிறது. பக்கத்திலேயே 'சிங்க்' என்னும் பொத்தான். அழுத்தினால் ஒரு பாட்டின் அடிகள் மற்றதன் அடிகளோடு தாமே இணைந்துகொள்கின்றன. இரண்டு பாடல்களும் மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும்போது இது பெரும்பாலும் பழுதில்லாமல் நடக்கிறது. ஆனால் ஒரு பாட்டு மடிக்கணினியிலும், மற்றது பக்கத்து டெக்கில் சாதாரணப் பாட்டுத் தகட்டிலும் இருந்தால்? அந்த டெக்கின் தாளம் மென்பொருளுக்குத் தெரியாது. அப்போது புதியவர் செய்வது என்னவென்றால், திரையில் 120.0, டெக்கின் முகப்பிலும் 120.0 என்று எண்களைச் சமமாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான்.

முடியவில்லை. இரண்டு தனி ஊசல்களின் நீளம் சமமாக இருந்தாலும், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் விட்டால் அவை சேர்ந்து ஆடா. அதிர்வெண் ஒன்று, கட்டம் வேறு. முகப்பு எண் அதிர்வெண்ணைப் பற்றியது. கட்டத்தைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. அந்த எண்ணும் முழு உண்மையல்ல. ஒரு தசம இடம் காட்டும் முகப்பில் 120.0 என்பது 119.95 முதல் 120.05 வரை எதுவாகவும் இருக்கலாம். வேறுபாடு 0.05 என்று கொள்வோம். ஐந்து நிமிடத்தில் கால் அடி விலகிவிடும். 120 வேகத்தில் ஓர் அடிக்கு அரை விநாடி. கால் அடி என்றால் 125 மில்லிவிநாடி. இரண்டு முரசொலிகள் தனித்தனியாகக் கேட்க இதில் ஒரு பகுதியே போதும். எண்கள் முற்றிலும் சமமாயினும், இரு கருவிகளுக்குள்ளும் இருப்பவை தனித்தனிக் குவார்ட்ஸ் கடிகாரங்கள். அவற்றுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடத்தில் 15 மில்லிவிநாடி நகர்ந்திருக்கும். அது பெரிதல்ல, எண்ணை நம்பியதால் வரும் பிழைதான் பெரிது.

இதைத் திருத்த வழி, ஹெட்போனில் கேட்டு, பின்தங்கும் பாட்டை விரல்நுனியால் சற்றே முன்னால் தள்ளுவது. பழைய இசைத்தட்டுக்காரர்கள் இதைத்தான் மாதக்கணக்கில் பழகினார்கள். 'சிங்க்' பொத்தானைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அதில் தொடங்கி அதிலேயே நிற்கும் மாணவர், பக்கத்தில் ஒரு சி.டி. டெக் வந்தவுடன் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்பதே வருத்தம். மென்பொருள் தாள அடிகளைக் கண்டுபிடிக்கும் முறையும் எல்லைக்குட்பட்டது. எந்திர முரசு அடித்த நடனப் பாட்டில் அது கெட்டிக்காரத்தனமாகக் கணக்கிடுகிறது. மனிதக் கை வாசித்து வேகம் ஏறி இறங்கும் பாட்டில் தடுமாறுகிறது. 70-ஐ 140 என்று இரட்டிப்பாகச் சொல்வதும் நடக்கும். அடிகளை நான்கு நான்காகத் தொகுக்கும் இசைக்கென்றே இத்தகைய கருவிகள் பிறந்தவை. நம் மிச்ர சாபுவின் ஏழை அவற்றிடம் கொடுத்துப் பார்க்க ஆசைப்படும் வாசகர்கள் பொறுமையுடன் முயல்க.

பாராட்ட வேண்டிய இன்னொன்று, தாமதத்தை மிக்ஸ் மறைப்பதில்லை. கணிப்பொறி ஒலியைச் சிறு பொட்டலங்களாகவே அனுப்பும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், 512 மாதிரிகள் கொண்ட பொட்டலத்துக்கு 11.6 மில்லிவிநாடி. காற்றில் ஒலி அதற்குள் ஏறக்குறைய 4 மீட்டர் சென்றுவிடும். ஒலிபெருக்கியிலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்கு இது சமம். பொட்டலத்தைச் சிறிதாக்கினால் கை சொன்னபடி ஒலி வரும். ஆனால் வேகம் குறைந்த மடிக்கணினி மூச்சுத் திணறி இடையிடையே பொரியும். எது தாங்கும் என்பதை அமைப்புப் பக்கத்தில் அவரவரே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

சி.டி. டெக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் கடைசியாக ஒரு நடைமுறைப் பயன். நிகழ்ச்சியின் நடுவே மடிக்கணினி உறைந்து நின்றுவிட்டால், சீழ்க்கைத் தகட்டை வெளியே எடுத்துவிட்டுப் பாட்டுத் தகடு ஒன்றைச் செருகலாம். அதற்கு டெக்கின் கம்பி மடிக்கணினிக்கு மட்டும் போகாமல், மிக்சருக்கு நேராகத் திருப்பிவிடத் தக்கதாகவும் இருக்க வேண்டும். இந்த இணைப்பை நிகழ்ச்சிக்கு முன்பே ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது. இருட்டில் கம்பி தேடுவது எளிதல்ல.