குப்பத்துக்கும் சபாவுக்கும் நடுவே ஒரு நடிகர்

நொச்சிக்குப்பத்திலிருந்து மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா நடந்தே போய்விடுகிற தூரம்தான். ஆனால் குப்பத்தை ஒட்டிய லூப் ரோட்டில் மீன் விற்கிறவர்களின் பேச்சு அந்த மேடைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் சிரிப்புக்காக. வீட்டு வேலைக்காரி, ரிக்‌ஷாக்காரர், பேட்டை ரவுடி என்று ஒரு காட்சிக்கு வந்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடும். தமிழ்ச் சினிமாவுக்குக் குணச்சித்திர நடிகர்களை வரிசையாக அனுப்பிய மேடை அது. அதன் எல்லைகளும் அவர்களோடு சேர்ந்தே திரைக்குப் போயின.

ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு வந்தவர்களின் மேடை அது. ஒய்.ஜி. பார்த்தசாரதியின் குழு 1952-ல் தொடங்கியது. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் கே. பாலசந்தர். 1947 ஆகஸ்டில் சுதந்திரச் செய்தியை வானொலியில் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதன், டெல்லியிலிருந்து சென்னை வந்து சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். கதாநாயகன் இல்லாமலேயே நடந்த நாடகங்கள் பல. அப்பா, மேனேஜர், வீட்டுக்காரர் ஆகியோர்தான் அவற்றைத் தாங்கினார்கள். தொங்கும் மைக்குக்குக் கீழே நின்று, அரங்கின் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருக்கத் தெரிந்தவர் நிலைத்தார். போட்ட வேஷமே பெயரோடு ஒட்டிக்கொண்டதும் உண்டு: மேஜர் சுந்தரராஜன், தேங்காய் சீனிவாசன், காத்தாடி ராமமூர்த்தி.

டெல்லி கணேஷுக்கு ஒட்டிக்கொண்டது ஊர்.

வல்லநாட்டில் 1944-ல் பிறந்த கணேசன் பத்து வருஷம் விமானப்படையில் இருந்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். சென்னைக்கு வந்ததும் காத்தாடியின் குழுவில் சேர்ந்தார். விசுவின் மேடை நாடகத்தைப் பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' என்று படமாக்கியபோது (1977) அதில் அறிமுகமானார். இரண்டே வருஷத்தில் துரையின் 'பசி'. சென்னைக் குடிசைப் பகுதியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் முனியாண்டி வேஷம். மகள் குப்பம்மாவாக நடித்த ஷோபா தேசிய விருது வாங்கினார். கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. சபாவில் சிரிப்புக்கு வந்துபோகிற ரிக்‌ஷாக்காரருக்கு இங்கே பெண்டாட்டி, பிள்ளைகள், வாடகை, பசி எல்லாம் உண்டு.

'பசி' திறந்த கதவு அப்படியே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திறந்திருக்கவில்லை. 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கருக்குப் பக்கத்தில் ஐயர், 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டு மணி ஐயர், 'அவ்வை சண்முகி'யில் சேதுராம ஐயர். இடையில் 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன் பிரான்சிஸ் அன்பரசு போன்ற விலக்குகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் கோடம்பாக்கம் ஒருவரிடம் ஒரு வேஷம் பலித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பக் கேட்கும்.

அந்த வட்டத்துக்குள்ளேயே அவர் செய்ததுதான் ஆச்சரியம். 'சிந்து பைரவி'யில் (1985) குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்கக்காரர் குருமூர்த்தியைப் பாடகர் ஜே.கே.பி. விரட்டிவிடுகிறார். பிற்பாடு ஜே.கே.பி.யே குடியில் விழும்போது, அந்த வீழ்ச்சியை நாம் அளப்பது குருமூர்த்தி பட்ட அவமானத்தை வைத்துத்தான். மணி ஐயரின் கல்யாண சமையல்கட்டில் சாம்பாருக்குள் மீன் விழுகிறது (எந்தக் குப்பத்து மீனோ!). கணேஷ் நம்மைச் சிரிக்க வைக்க முயல்வதே இல்லை. கையில் இருக்கும் தொழில் போய்விடுமோ என்று பயப்படுகிறார். சிரிப்பு அதனால்தான் வருகிறது.

பிறகு தொலைக்காட்சி. 'கஸ்தூரி', 'செல்லமே' என்று நெடுந்தொடர்கள். மேடையில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற அப்பாவைத் தொடரில் வருஷக்கணக்கில் இழுக்க வேண்டும். கணேஷ் போன்றவர்களுக்கு அது வருமானம் தந்தது. நடிப்புக்குப் பெரிதாக எதையும் தந்ததாகத் தோன்றவில்லை. நானூறு படங்களுக்கு மேல் நடித்த அவர் 2024 நவம்பர் 9 அன்று காலமானார்.

சபா போடாத பாதையை வேறொருவர் போட்டார். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் வசனத்துக்கு முன்னால் உடம்பைப் பழக்கினார்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து அதற்கு ஆதாரம். அங்கிருந்து வந்தவர்கள் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) பசுபதியின் ரங்கன் வாத்தியார் பேசுவது வடசென்னைத் தமிழ். குத்துச்சண்டை வளையத்தின் ஓரத்தில் நின்று சிஷ்யனை அதட்டுகிறார். அந்தப் பேச்சைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.