நற்சான்றும் நிறுத்திவைத்த பணமும்

1982 ஜனவரி 27 அன்று நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் இரண்டிலும் எல் மொசோத்தே என்ற சிற்றூர் முதல் பக்கத்துக்கு வந்தது. கெரில்லாக்களோடு உள்நாட்டுப் போரில் இருந்த எல் சால்வடோர் ராணுவத்தின் அட்லகாட்டல் படைப்பிரிவு அதற்கு முந்தைய டிசம்பரில் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. அப்படைப்பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். மறுநாளே அமெரிக்க அதிபர் ரீகன் காங்கிரஸுக்குச் சான்றளித்தார்: எல் சால்வடோர் அரசு மனித உரிமைகளைக் காக்க முனைந்து முயல்கிறது.

அந்தச் சான்றைக் கேட்டது ஒரு சட்டம். நேச நாட்டுக்கு ஆயுதமும் பணமும் கொடு, ஆனால் 180 நாளுக்கு ஒருமுறை அதன் நடத்தை திருந்துகிறதென்று எழுத்தில் உறுதி கூறு என்று 1981இல் காங்கிரஸ் விதித்தது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. 1980 பிப்ரவரியில் சான் சால்வடோர் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ இந்த ராணுவத்துக்கு உதவ வேண்டாமென்று அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் திருப்பலி நிறைவேற்றும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் அமெரிக்கக் கன்னியர் மூவரும் அவர்களுடன் பணியாற்றிய இளம்பெண் ஒருவரும் தேசியக் காவல்படையினரால் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டனர். இதற்குப் பிறகும் கேள்வி கேட்காமல் பணம் கொடுப்பதைக் காங்கிரஸில் பலரால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தால் நன்மையே விளையவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆறு மாதத்துக்கொரு முறை விசாரணை நடந்ததால் கொலைக் கணக்கு அமெரிக்க அரசின் மேசைக்கு வந்தாக வேண்டியிருந்தது. சான் சால்வடோர் பேராயத்தின் சட்ட உதவி அலுவலகம் தொகுத்த பட்டியல்களுக்கு வாஷிங்டனில் கேட்கும் காது கிடைத்தது. நாட்டுக்குள் வெளியிட முடியாத உண்மை, நேச நாட்டின் அவைக் குறிப்பில் பதிவானது.

கோளாறு சான்றளிப்பவர் யார் என்பதில் இருந்தது. உதவியைத் தொடர விரும்பும் அரசே தன் நண்பனின் நன்னடத்தைக்கும் நீதிபதி. எல் மொசோத்தே பற்றி விசாரிக்கப் போன தூதரக அதிகாரிகள் இருவரும் போர்ப் பகுதியென்பதால் ஊரை எட்டவே இல்லை. அதை வைத்துக்கொண்டு, படுகொலையை உறுதிசெய்யச் சான்று இல்லை என்று வெளியுறவுத் துறையின் தாமஸ் எண்டர்ஸ் காங்கிரஸ் குழுவிடம் சொன்னார். ஊருக்குப் போகாதவரின் கண்ணில் பிணம் படாததே ஆதாரமாகிவிட்டது. 1992இல் அர்ஜென்டினத் தடயவியல் குழு அங்கே தேவாலயத்தை ஒட்டிய ஒரே கட்டடத்தைத் தோண்டியபோது 143 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களில் 131 பேர் குழந்தைகள்.

இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை சான்று போனது. சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவை 1983 நவம்பரில் ரீகன் தன் வீட்டோ அதிகாரத்தால் வீழ்த்தினார். சால்வடோர் தளபதிகள் இந்த நாடகத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். கெரில்லாக்கள் வெல்வதை வாஷிங்டன் ஒருபோதும் பொறுக்காது என்று அவர்களுக்குத் தெரியும். கைவிட முடியாத நண்பனிடம் கைவிடுவேன் என்றால் யார் அஞ்சுவார்?

ஆனாலும் அழுத்தம் பலித்த தருணங்கள் உண்டு. 1983 டிசம்பரில் துணை அதிபர் புஷ் சான் சால்வடோருக்கே போய், கொலைப்படைகளோடு தொடர்புள்ள அதிகாரிகளைப் பெயர் சொல்லி, அவர்களை அகற்றக் கேட்டார். அதன்பின் கொலைப்படைகளின் வேட்டை கணிசமாகக் குறைந்தது. கிராமங்கள்மீது விமானக் குண்டுவீச்சு தொடர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கன்னியர் கொலை வழக்கில் தீர்ப்பு வரும்வரை ராணுவ உதவியில் 30 விழுக்காட்டைத் தரமாட்டோம் என்று காங்கிரஸ் நிறுத்திவைத்தது. 1984 மே மாதம் காவல்படையினர் ஐவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பொதுவான முன்னேற்றம் கேட்டபோது அறிக்கை வந்தது. குறிப்பிட்ட பெயரும் குறிப்பிட்ட தொகையும் வைத்தபோது காரியம் நடந்தது.

இந்த வெற்றியிலும் என்னை உறுத்துவது ஒன்று. கொல்லப்பட்டவர்கள் அமெரிக்கர்கள் என்பதால்தான் அந்த 30 விழுக்காடு. எல் மொசோத்தே உழவர்களுக்காக ஒரு டாலர்கூட அப்படி நிறுத்தப்படவில்லை. தண்டனையும் கடைநிலைக் காவலரோடு நின்றது. கொலை நடந்தபோது காவல்படைக்குத் தலைவராக இருந்த விதெஸ் கசனோவா பாதுகாப்பு அமைச்சரானார், அமெரிக்க விருதும் பெற்றார், ஓய்வுக்குப் பின் புளோரிடாவில் குடியேறினார். கன்னியர் கொலையை மறைத்ததில் அவருக்குப் பங்குண்டு என்று ஐ.நா. உண்மை ஆணையம் 1993இல் எழுதியது. அமெரிக்கா அவரை நாடுகடத்தியது 2015இல்.

1989 நவம்பரில் இயேசு சபைக் குருக்கள் அறுவரும் அவர்கள் வீட்டில் பணிசெய்த பெண்ணும் அவர் மகளும் அதே அட்லகாட்டல் படையால் கொல்லப்பட்டபோது, காங்கிரஸ் உறுப்பினர் ஜோ மோக்லி தலைமையிலான குழு தானே விசாரித்தது. கட்டளை எந்த மட்டத்திலிருந்து வந்தது என்று துருவியது. 1990இல் ராணுவ உதவியில் பாதி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு கர்னல் ஒருவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. நேச நாட்டை நெருக்குவதற்கு இதைத்தான் நான் முன்மாதிரியாகக் கொள்வேன்: சான்றளிக்கும் பொறுப்பு உதவி தருகிற அரசிடம் இல்லை, தொகை பெரிது, கேள்வி மேலதிகாரி வரை போகிறது. ஆனால் அந்தத் துணிவு வரும்போது பெர்லின் சுவர் விழுந்து, பனிப்போர் அச்சமும் தணிந்திருந்தது. போரில் இறந்த சுமார் 75,000 பேரில் பெருந்தொகையானோர் 1980க்கும் 1983க்கும் இடையில், சான்றுகள் தொடங்குவதற்கு முன்னும் அவை தடையின்றிப் போய்க்கொண்டிருந்தபோதும் மாண்டிருந்தார்கள்.