உழக்கும் உரிமையும்

ஓரி ஆண்ட மலை என்று கொல்லிமலையைப் போற்றுகிறோம். வில்லெடுத்த அவன் கையைப் புகழ்கிறோம். நாடி வந்தோர்க்கு வாரி வழங்கிய அவன் கையை வாழ்த்துகிறோம். வாழ்த்துவோம்! வரலாற்றை மறத்தல் வாழ்வை மறத்தலாகும். எனினும், அந்த மலைமீது இன்று வளரும் ஏழு வயதுச் சிறுமியின் கையை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? அந்தக் கை பள்ளியில் என்ன செய்கிறது, பள்ளியை விட்டு வெளிவரும்போது எதைப் பற்றிக்கொண்டு வருகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், நாடு நாடாகப் பகுக்கப்பட்ட ஊர்களைக் காணலாம். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்னும் வரிசையில் திருப்புலி நாடும் ஒன்று. அம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள். பெயர் கேட்டுக் கேரளத்தாரென மயங்க வேண்டா. மலையில் வாழ்வதால் அப்பெயர் பெற்ற, தமிழ் பேசும் மக்கள் அவர்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்தம் பழம்பயிர். மிளகும் காப்பியும் வாழையும் பலாவும் சந்தைக்குச் செல்லும் சரக்கு.

இத்தகைய குடியில் பிறந்த குழந்தை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை. தானியத்தைப் புடைக்கவும் பதரைப் பிரிக்கவும் தாயிடம் கண்டிருக்கிறது. பழுத்த மிளகையும் பழுக்காத மிளகையும் நிறத்தால் வேறுபடுத்தும். தொகுத்தல், பகுத்தல், அளத்தல், ஒப்பிடல் என்று கணக்கு நூலார் பெயரிட்டு அழைப்பவற்றைப் பெயரறியாமலே பழகிய கை அது!

அந்தக் கையைப் பள்ளிக்கூடம் எவ்வாறு வரவேற்றது? ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து!’ என்றது. கைகட்டி வாய்பொத்தி நிற்றல் யாருடைய கோலம்? பண்ணையார் முன் கூலியாள் நின்ற கோலம்! ஆண்டான் முன் அடிமை நின்ற கோலம்! அதனையே ஒழுக்கம் என்று பெயர் சூட்டி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதற்பாடமாகப் புகட்டிற்று பழைய பள்ளி.

அக்கட்டை அவிழ்க்க வந்த முயற்சி என்பதாலேயே செயல்வழிக் கற்றல் நம் ஆய்வுக்குரியதாகிறது. 2003ஆம் ஆண்டு, எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, 2007ஆம் ஆண்டையொட்டித் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பரவிற்று. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திற்குத் தாழ்ந்தது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. சுவரிலே கற்றல் ஏணி தொங்கிற்று. தான் நிற்கும் இடத்தைப் பிள்ளை தானே பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்து, ஒருவரிடம் உதவி பெற்றோ ஒருவருக்கு உதவி தந்தோ முன்னேறலாயிற்று. நேற்று வராத பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே இன்று தொடரலாம். ‘மக்கு’ என்னும் பட்டம் சுமக்க வேண்டுவதில்லை.

இம்முறையின் பிறப்பிடம் சென்னையன்று. ஆந்திரத்து ரிஷிவேலியைச் சூழ்ந்த சிற்றூர்களில், ஓராசிரியரே பல வகுப்புகளையும் நடத்த வேண்டிய சின்னஞ்சிறு பள்ளிகளுக்காக உருவானது. அஃதாவது, மாநகரத்துக்கு இரவலாக வந்த இம்முறை, இயல்பால் மலையூருக்கே உரியது! உரோம் நகரில் 1907இல் மரியா மாண்டிசோரி தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்ததும் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலேதான். 1939இல் அவரே அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். பின்னர் நாம் கண்டதென்ன? ஏழைக்கெனப் பிறந்த கல்வி, கட்டணம் கட்ட வல்லார் வீட்டுப் பிள்ளைக்கு உரியதாயிற்று. ஆகவே, கட்டணமில்லா அரசுப் பள்ளியின் தரையிலே செயல்வழிக் கல்வி வந்தமர்ந்தது சிறிய செய்தியன்று.

ஆயினும், கைவழிக் கல்வி என்றதும் தமிழர் நெஞ்சில் ஓர் ஐயம் எழும்; எழுதல் முறையே. 1937இல் வார்தாவில் காந்தியார் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1953இல் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டமோ, சிற்றூர்ப் பிள்ளையின் பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொல்லிற்று. குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடே எதிர்த்தது. பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் உழைப்பை இகழ்ந்தவர்களல்லர். உழைப்போர் பிள்ளைக்கு உழைப்பைக் கற்பிக்க அரசு தேவையில்லை; எழுத்தைக் கற்பிக்கவே அரசு தேவை என்றவர்கள்!

அப்படியானால், அன்று எதிர்த்த நாம் இன்று செயல்வழிக் கற்றலை ஏற்பது எங்ஙனம்? இரண்டிலும் கைதானே வேலை செய்கிறது? இவ்வினாவுக்கு விடை காண ஓர் உழக்கை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. சிறுமி உழக்கால் சாமையை அளந்து படியிலே கொட்டுகிறாள். நான்கு முறை கொட்டியதும் படி நிறைகிறது. இதனோடு நிறுத்தினால் அது குலக்கல்வி. அளக்கும் வேலையை அவள் பாட்டியே கற்பித்துவிடுவாள். ‘உழக்கு, படியில் எத்தனையில் ஒரு பங்கு?’ என்று கேட்டு, கால் என அவள் கண்டு, காலும் காலும் சேர்ந்தால் அரை எனக் கொட்டிப் பார்த்துத் தெளிந்து, அதனைப் பலகையில் எண்ணாக எழுதி, பிறகு உழக்கில்லாமலே அக்கணக்கைப் போட்டால், அது கல்வி! அங்கே கை கருத்துக்கு வாயிலாயிற்று. சோளக்காட்டுச் சந்தையிலோ அடிவாரத்துக் கடையிலோ நாளை அவள் மிளகு விற்கும்போது, எடையைத் தானே பார்ப்பாள். விலையைத் தானே பெருக்குவாள். சீட்டைத் தானே படிப்பாள். அளப்பது ஒரு கையாகவும் கணக்கெழுதுவது மற்றொரு கையாகவும் இருந்தமையால் அன்றோ உழைத்தவன் ஏமாந்தான்?

இந்த அளவுகோலால் அளந்தால் செயல்வழிக் கற்றலின் குறையும் புலனாகும். அட்டையை முடிப்பதே கற்றல் என்னும் மயக்கம் முதற்குறை. பிள்ளை மணி கோத்தது, வண்ணம் தீட்டியது, அட்டையை மீண்டும் தட்டில் வைத்தது. ஏணியிலே ஒரு படி ஏறியதாகக் குறித்தாயிற்று. ஏன் என்று கேட்டதா? எதற்கு என்று உணர்ந்ததா? மனப்பாடம் பழைய சடங்கென்றால், கருத்தில்லாச் செயல் புதிய சடங்கு! மாநிலமெங்கும் ஒரே அட்டை என்பது மற்றொரு குறை. தொடர்வண்டியைக் காணாத குழந்தைக்குத் தொடர்வண்டியைக் காட்டுவது நன்றே. ஆனால், காலடியிலே கிடக்கும் பலாக்கொட்டையை எண்ணாமல் படத்திலுள்ள பெட்டியை மட்டும் எண்ணச் சொல்வது ஏன்?

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. ஆடலையும் பாடலையும் பொம்மலாட்டத்தையும் வகுப்பறைக்கு அழைத்தது. பெயர் அழகு, நோக்கம் உயர்வு. ஆனால், மலர்ந்ததா இல்லையா என்பதைப் பதிவேடு சொல்லக் கூடாது. பிள்ளை சொல்ல வேண்டும். ஆசிரியரின் கை பதிவேட்டை நிரப்பிக்கொண்டேயிருந்தால், பிள்ளையின் கையைப் பார்க்க அவருக்குக் கண் ஏது?

‘விளையாடுகிறார்கள், புத்தகம் எங்கே?’ என்று கேட்கும் பெற்றோரை எள்ளி நகையாடாதீர்! தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவர்கள் எழுத்தைக் கேட்கிறார்கள். அது அறியாமையன்று, உரிமைக் குரல். அவர்களை வகுப்பறைக்குள் அழையுங்கள். உழக்கோடு அமர்ந்த மகள் காலையும் அரையையும் எழுதிக் காட்டட்டும். ஐயம் தானே அகலும்.

கொல்லிமலைப் பிள்ளை சாமை விதைக்க விரும்பினால் விதைக்கட்டும். மருத்துவராக விரும்பினால் ஆகட்டும். மலையிலிருந்தே உலகை ஆராயட்டும். எதனைத் தேர்வது என்பது அப்பிள்ளையின் விருப்பம். தேரும் ஆற்றலைத் தருவது நம் கடன். மலைப்பொருளிலிருந்து பாடம் தொடங்குக! மலையெல்லையோடு அது முடியாதிருக்க! கட்டிய கையை அவிழ்த்துவிட்டோம். அவிழ்ந்த கைக்கு எண்ணையும் எழுத்தையும் உறுதியாகக் கொடுக்கும் வரையில், நம் பணி பாதியளவே முடிந்ததாகும். படி இன்னும் நிறையவில்லை, தோழர்களே, உரியளவில்தான் நிற்கிறது!