தன் வாயால் வீழ்ந்த தேவதை

எமது பங்கில் ஆங்கில இலக்கியம் பயிலும் இளம்பெண் ஒருத்தி, ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் தடித்த நாவல் ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். கூடவே கையெழுத்தில் இருபது தாள்கள். "ஃபாதர், முதலில் நாவலைப் படியுங்கள். பிறகு இதைப் படித்துக் குறை சொல்லுங்கள். தேவலோகத்திலிருந்து சபித்துத் தள்ளப்பட்ட ஒரு தேவதைதான் என் கதாநாயகி" என்றாள்.

நாவலின் பெயர் 'கிர்க்கே'. ஆங்கிலேயர் அதனைச் 'சர்சி' என்று ஒலிப்பர். எழுதியவர் மேடலின் மில்லர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. இலத்தீனும் கிரேக்கமும் கற்று, பள்ளி மாணவர்க்கு அவற்றைக் கற்பித்தவர். நூல் 2018-இல் வெளிவந்தது. மறு ஆண்டில் மகளிர் புனைகதைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. குருமடத்தில் கிரேக்க வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய முடியாமல் மேசைமீதே உறங்கிப்போன நாட்கள் எனக்கு உண்டு. அன்று கற்றதில் எஞ்சியிருப்பது சொற்பமே. அந்தச் சொற்பத்தை நம்பித்தான் இதை எழுதத் துணிகிறேன்.

கிர்க்கே யார்? கதிரவத் தெய்வம் ஹீலியோசின் மகள். ஹோமரின் 'ஒடிசி' பத்தாம் காண்டத்தில் வருகிறாள். அயாயா என்னும் தீவில் பணிப்பெண்களோடு வாழ்கிறாள், தறியில் நெய்கிறாள், இனிமையாகப் பாடுகிறாள், வந்து சேரும் மாலுமிகளை மருந்து கலந்த உணவால் பன்றிகளாக்குகிறாள். எர்மசு தந்த மூலிகையின் துணையால் ஒடிசியுஸ் அவளை வென்று, ஓராண்டு அவளுடன் தங்கிப் போகிறான். அவ்வளவே. ஹோமரிடத்தில் அவள்மேல் சாபம் ஏதுமில்லை. தண்டனையாக அத்தீவில் அடைக்கப்பட்டாள் என்னும் பேச்சுமில்லை. அவள் அங்கே இருக்கிறாள், காட்டாறு காட்டில் இருப்பதுபோல. ஆகவே சாபமும் வீழ்ச்சியும் மில்லரின் படைப்பு. இத்தகைய பாத்திரத்தைப் படைப்பது எப்படி என்று கேட்கும் எவர்க்கும் இந்நூல் நல்ல பாடம் என்று சொல்வது இதனால்தான். இல்லாத வீழ்ச்சி ஒன்று எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதை இங்கே கண்ணெதிரே காணலாம்.

கிரேக்கர்க்கு வீழும் தெய்வங்கள் புதியனவல்ல. ஹெசியோடின் 'தெய்வப் பிறப்பு' ஒரு விந்தையான தண்டனைச் சட்டத்தைக் கூறுகிறது. ஸ்டிக்ஸ் ஆற்று நீரின்மேல் பொய்ச்சத்தியம் செய்த தெய்வம் ஓராண்டு முழுவதும் மூச்சின்றி, பேச்சின்றி, அமுதமின்றிப் படுக்கையில் கிடக்கவேண்டும். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் தேவர் அவையிலும் விருந்திலும் இடமில்லை. பத்தாம் ஆண்டில் திரும்பி வந்து அமர்ந்துகொள்ளலாம். மனம் வருந்தினாயா என்று எவரும் கேட்பதில்லை. பொய்யால் பாதிக்கப்பட்டவர் யார் என்பதும் விசாரிக்கப்படுவதில்லை. காலம் கழிந்தது, கணக்குத் தீர்ந்தது.

உண்மையிலேயே வானத்திலிருந்து விழுந்தவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் ஆத்தே. அறிவை மயக்கிக் கேட்டில் தள்ளும் தெய்வம். ஹெராக்ளீசின் பிறப்பின்போது சேயுசே அவளால் மதிமயங்கி ஏமாந்தார். சினம் மூண்டவராய் அவளைக் கூந்தலைப் பற்றிச் சுழற்றி விண்ணிலிருந்து எறிந்தார். அவள் மனிதரின் வயல்களில் வந்து விழுந்தாள். 'இலியட்' பத்தொன்பதாம் காண்டத்தில் இக்கதை வருகிறது. நான் அதைப் பலமுறை படித்திருந்தும், சொல்பவன் யார் என்பதை இம்முறைதான் நின்று நோக்கினேன். சொல்பவன் அகமெம்னோன். அக்கிலீசின் பரிசுப் பெண்ணைப் பறித்து, அதனால் தன் படையே அழியக் காரணமானவன். சமரசத்திற்காகக் கூடிய அவையில் எழுந்து, குற்றம் தன்னுடையதன்று, சேயுசும் விதியும் ஆத்தேயும் செய்தது என்கிறான். அதற்குச் சான்றாகவே இந்தக் கதை! ஈடாகப் பொன்னும் பொருளும் தருவதற்கு அவன் தயங்கவில்லை. 'நான் செய்தேன்' என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. விழுந்த தேவதையின் கதை அங்கே ஒரு சாக்குப்போக்காகவே பயன்படுகிறது.

இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மில்லரின் நாவலுக்கு வருவோம்.

கிளவுக்கோஸ் என்னும் ஏழை மீனவன்மீது கிர்க்கே காதல்கொள்கிறாள். மூலிகைச் சாற்றால் அவனைக் கடல்தெய்வம் ஆக்குகிறாள். தெய்வமானவன் அவளை மறந்து, ஸ்கில்லா என்னும் அழகிய நீரரமகளை நாடுகிறான். பொறாமை தாளாத கிர்க்கே, ஸ்கில்லா நீராடும் சுனையில் சாற்றைக் கலக்கிறாள். ஸ்கில்லா ஆறு தலைப் பூதமாகிக் கடலிடுக்கில் ஒளிந்து, கடந்துபோகும் ஒவ்வொரு கப்பலிலும் மனிதரைப் பிடித்து உண்ணத் தொடங்குகிறாள். இதன் மூலம் ஓவிடின் 'உருமாற்றங்கள்'. ஆனால் ஓவிடிடத்தில் மீனவன் தானே ஒரு புல்லைத் தின்று தெய்வமாகிறான். கிர்க்கேக்கு அதில் பங்கில்லை. மில்லர் அதனையும் அவள் கையில் கொடுத்துவிட்டார். ஆக்கியதும் அவளே, அழித்ததும் அவளே. கிரேக்கத்தில் 'ஃபார்மக்கோன்' என்னும் ஒரே சொல் மருந்தையும் நஞ்சையும் குறிக்கும். நம் தெருமுனை 'பார்மசி' அதன் வழிவந்ததே. பவுலடியார் கலாத்தியர்க்கு எழுதிய மடலில் ஊனியல்பின் செயல்களுள் ஒன்றாகச் சூனியத்தைச் சுட்டும்போது ஆளும் சொல்லும் இதே வேரினது. அச்சொல்லின் இரு பொருளையும் ஒரே பெண்ணின் இரு செயல்களாக்கியது சிறந்த கற்பனை.

இதனினும் சிறந்தது அடுத்து வருவது. செய்ததை எவரும் அறியார். வாய் திறவாதிருந்தால் போதும். கிர்க்கேயோ தந்தையின் அவையில், 'நான் செய்தேன்' என்கிறாள். முதலில் எவரும் நம்பவில்லை. தந்தை அவளைத் தன் வெப்பத்தால் சுட்டெரிக்கிறார். பின்னர், அவளுடைய உடன்பிறந்தார்க்கும் அதே சூனிய ஆற்றல் உண்டென்று தெரியவருகிறது. சேயுசும் ஹீலியோசும் பேரம் பேசி ஒரு முடிவுக்கு வருகின்றனர். நால்வரில் மூவர்க்குத் தண்டனை இல்லை. தானே நாடிச் சென்று கற்றதாகவும், தானே தீங்கிழைத்ததாகவும் ஒப்புக்கொண்டவள் ஒருத்திதான். ஆகவே நாடுகடத்தல் அவளுக்கு மட்டும்.

பல ஆண்டுகள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எவருடைய இரகசியமும் இதில் இல்லை. எல்லாப் பங்குக் குருக்களும் அறிந்ததே. அங்கு வருவோரில் பலர் அறிக்கையிடுவது மாமியாரின் பாவத்தை, மருமகளின் பாவத்தை, பங்காளியின் பாவத்தை. தன் பாவத்தை அடைமொழியின்றிச் சொல்பவர் அரியர். அகமெம்னோனின் வழித்தோன்றல்களே நாமெல்லாரும். எனவே அவையின் நடுவே நின்று 'நான் செய்தேன்' என்னும் அந்தத் தேவதையைக் கண்டபோது, நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வராந்தாவில் உலவினேன். அவளை வீழ்த்தியது மூலிகையன்று, அவளுடைய வாய். ஹோமர் அவளை மனிதக் குரலில் பேசும் தெய்வம் என்று குறிப்பதை நீட்டி, தேவர்கள் ஏளனம் செய்யும் மெல்லிய குரலாக மில்லர் அமைத்ததன் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று.

ஆயினும் ஆசிரியை தாம் கண்டெடுத்த இந்த உண்மையை இறுதிவரை தாங்கிப் பிடித்தாரா? எனக்கு ஐயம் உண்டு. அவளைச் சுற்றியுள்ள தெய்வங்கள் ஏறத்தாழ அனைவருமே அற்பர்கள். தந்தை தற்பெருமைக்காரர், தாய் ஆசைக்காரி, எர்மசு வம்பளப்பவர், அத்தேனா இரக்கமற்றவள். புரோமித்தியசும் ஆழ்கடல் மூத்த தெய்வம் ஒன்றும் மட்டுமே விலக்கு. சுற்றிலும் கரியைப் பூசினால் நடுவில் இருப்பது தானே வெண்மையாகத் தோன்றும். மாலுமிகளைப் பன்றிகளாக்கியதற்கும் மில்லர் ஒரு காரணம் தருகிறார்: கரையொதுங்கியவர்க்கு அவள் விருந்தளித்தபோது அவர்களின் தலைவன் அவளுக்கு வன்கொடுமை இழைத்தான். அக்காட்சி கூசவைப்பது, பொய்யானதன்று. காரணம் கூறாத ஹோமரைவிட இவர் நேர்மையானவர் என்றே சொல்வேன். ஆனால் அடுத்தடுத்து வந்த கப்பல்காரர்க்கும் அதே கிண்ணம் நீட்டப்படும்போது, கதை அதனை விசாரிக்காமல் விரைந்து கடக்கிறது. சிறை நீங்குவதும் அவ்வாறே. அவள் தந்தையை அழைத்து, பழைய இரகசியம் ஒன்றைக் காட்டி மிரட்டி விடுதலை பெறுகிறாள். ஹெசியோடின் பத்தாம் ஆண்டுக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. 'தெலெகோனி' என்று ஒரு காப்பியம் இருந்தது. நூல் அழிந்தது, சுருக்கம் மட்டும் எஞ்சியது. அதில் ஒடிசியுசுக்கும் கிர்க்கேக்கும் பிறந்த தெலெகோனோஸ், தந்தையை அறியாமல் கொன்றுவிட்டு, பெனலோப்பேயையும் தெலெமாக்கோசையும் தாயிடம் அழைத்துவருகிறான். கிர்க்கே அவர்களுக்குச் சாகாவரம் அளிக்கிறாள், தெலெமாக்கோசை மணக்கிறாள். மில்லர் இதைத் தலைகீழாக்கினார். அவருடைய கிர்க்கே மனிதரை மேலே ஏற்றவில்லை. தான் இறப்புடையவளாகும்படி மூலிகைக் கிண்ணத்தைக் குடிக்கிறாள். குடித்தபின் என்ன ஆயிற்று என்பது சொல்லப்படவில்லை. கலிப்சோ தந்த சாகாவரத்தை மறுத்த ஒடிசியுசை நாம் அறிவோம். ஆறாத புண்ணின் வலியால் அமரத்துவத்தைக் கைவிட்ட கைரோனையும் அறிவோம். ஆனால் வலியிலிருந்து தப்ப அன்றி, மனிதரோடு மூப்படைந்து வாழ்வதற்காகவே கீழிறங்கும் தேவதை புதியவள்.

லிஸ்திராவில் பர்னபாவைச் சேயுசு என்றும் பவுலை எர்மசு என்றும் கூறிக் காளைகளும் பூமாலைகளும் கொண்டுவந்தனரே, அந்த மக்கள் நம்பிய தெய்வங்கள் விருந்தாளிகளாக வந்து திரும்பிப்போகிறவர்கள். இவளோ திரும்பும் ஏணியை எரித்துவிட்டு வருகிறாள். இதைப் படித்ததும் பிலிப்பியர் மடலின் கிறிஸ்து பாடலை நினைவுகூர நம்மவர் விரைவர். அவசரம் வேண்டாம். அங்கே வெறுமையாக்கல் பிறர்க்காக. இங்கே அவள் தனக்கென ஒரு வாழ்வைத் தேடுகிறாள். அதுவும் மதிக்கத்தக்கதே, ஆனால் வேறு.

இனி, அந்தப் பெண்ணின் இருபது தாள்கள். மொழி நன்றாக வருகிறது. அவளுடைய தேவதை ஒரு பாவமும் அறியாதவள். பொறாமைகொண்ட மூத்த தெய்வங்கள் சூழ்ச்சியால் அவளைத் தள்ளிவிட்டனர். பக்கத்திற்குப் பக்கம் அவள் அழுகிறாள். மறு ஞாயிறு வந்தபோது, "இவள் என்னம்மா செய்தாள்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்யவில்லை ஃபாதர். செய்யாதவள் என்றால்தானே வாசகர் இரங்குவார்கள்?"

கள்ளமற்றவர் தண்டிக்கப்படுவது உலகில் இல்லாததன்று. யோபு நூல் அதற்குச் சான்று. ஆனால் யோபு அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை, வழக்காடினார். அவளுடைய தேவதையோ வழக்காடவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. சாபம் அவள்மேல் மழைபோலப் பெய்கிறது, அவள் நனைகிறாள். "அவளுக்கு ஒரு குற்றம் கொடு. சிறியதாயினும் அவளுடையதாக இருக்கட்டும். யாரையாவது அவள் காயப்படுத்தியிருக்கட்டும். இரக்கம் தானே வரும்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசாமல் தாள்களை அடுக்கினாள். பிறகு, "அப்படியானால் ஸ்கில்லா?" என்றாள். புரியவில்லை என்றேன். "கிர்க்கேயின் குற்றவுணர்வு நாவல் முழுக்க வருகிறது ஃபாதர். கடைசியில் நஞ்சூட்டி ஸ்கில்லாவைக் கல்லாக்கிப் பாவத்தைத் தீர்த்துக்கொள்கிறாள். ஸ்கில்லாவிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா?"

நான் இரண்டு முறை படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. சுனையில் நீராடச் சென்றவள் அவள். தன்மேல் காதல்கொண்ட ஒருவனால் பிறள் ஒருத்தியின் வெறுப்புக்கு ஆளானதன்றி, இந்த நிலைக்கு வர அவள் செய்தது எதுவுமில்லை. மில்லர் அவளைச் செருக்கும் சூதும் உள்ளவளாகக் காட்டுகிறார். அதற்காக ஆறு தலையா? கிர்க்கேக்குத் தீவு கிடைத்தது, நூல் கிடைத்தது, முடிவில் மனித வாழ்வின் வாசலும் கிடைத்தது. ஸ்கில்லாவுக்குக் கிடைத்தது கல். அது பரிகாரமா, தடயத்தை அழித்தலா என்று நாவல் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தால், இதைவிடப் பெரிய நாவலாகியிருக்கும்.

"உன் கதையை ஸ்கில்லாவின் வாயிலிருந்து தொடங்கினால் என்ன?" என்று கேட்டேன்.

"ஆறு வாய் இருக்கிறதே ஃபாதர், எதிலிருந்து தொடங்குவது?" என்று சிரித்துக்கொண்டே தாள்களைப் பையில் வைத்துக்கொண்டாள். நாவலை மட்டும் இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கக் கேட்டிருக்கிறேன்.