இசைவு கேட்கப்படாத மணமகள்

லியோனித் கைதாய் இயக்கி 1967இல் வெளிவந்த ‘காகசஸ் கைதி’ என்னும் சோவியத் நகைச்சுவைப் படம், பெண்ணைக் கவர்ந்து மணக்கும் மலைநாட்டு வழக்கத்தைப் பழிப்பதாகத் தோன்றலாம். ஊன்றி நோக்கின் அவ்வாறன்று. அதிகாரி சாகோவ் (விளாதிமிர் எத்துஷ்), நீனாவை அவள் உறவினரிடமே 20 ஆடுகளுக்கும் ஒரு குளிர்பதனப் பெட்டிக்கும் விலைபேசுகிறான். வழக்கம் அவனுக்குப் போர்வை. நகைப்பு அப்போர்வையைக் கிழிக்கிறது. மணப்பெண்ணின் இசைவு கேட்கப்படல் வேண்டும் என்னும் நெறியுடைய நமக்கு இஃது உவப்பே.

எனினும் குறைகள் உள. நீனாவாக நடித்தவர் சர்க்கஸ் கலைஞர் நத்தாலியா வார்லி. பேச்சுக்குரலோ நதேஷ்தா ருமியான்த்சேவாவினுடையது. பாடற்குரல் ஆயிதா வேதிஷ்சேவாவினுடையது. இசைவு கேட்கப்படாத பெண்ணின் கதையில் நடிகையின் குரலும் கேட்கப்படவில்லை! காகசஸ் எனக் காட்டப்பெறும் காட்சிகளிற் பெரும்பகுதி கிரிமியாவில் எடுக்கப்பெற்றவை. அம்மண்ணின் தாத்தார் முஸ்லிம்கள் 1944இல் நாடுகடத்தப்பட்டு, அப்போதும் திரும்ப இயலாதிருந்தனர். சிரித்தபின் இதனையும் நினைத்தல் தகும்.