வெளிறும் சுவர்கள்: வர்ணம், ருசி, சாதி

'லைட் கலர்தான் டீசன்ட்டு' என்கிற வாக்கியத்தை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீடு கட்டி முடித்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இனி கலர் மட்டும்தான் பாக்கி என்று நிற்கிற எவருக்கும் இந்த வாக்கியம் வந்து சேர்ந்துவிடுகிறது. இன்ஜினியர் சொல்வார், பெயிண்ட் கடைக்காரர் சொல்வார், மதுரையில் பேங்க் வேலை பார்க்கிற மச்சினன் சொல்வார். சாம்பாருக்கு உப்பு கொஞ்சம் போடணும் என்பதுபோல அதுவும் ஒரு யோசனைதானே என்று தோன்றும். ஆனால் 'டீசன்ட்' என்ற சொல்லுக்குத் தன்னளவில் பொருள் கிடையாது. எது டீசன்ட் இல்லை என்று சுட்டுவதன் வழியாகவே அது பொருள்கொள்கிறது. அந்தச் சுட்டலுக்கான சொற்கள் நம்மிடம் தயாராக இருக்கின்றன: 'மிட்டாய் கலர்', 'கண்ணக் குத்துது', கொஞ்சம் குரலைத் தாழ்த்தி 'காலனி வீடு மாதிரி இருக்கு'. மூன்றாவது சொல்லப்படாத இடத்திலும் முதல் இரண்டுக்கும் பின்னால் அது நின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சுவரின் பொருளாயத வரலாற்றைப் பார்த்துவிடலாம். நம்முடைய பழைய தெருக்களின் வெண்மை யாருடைய ரசனையும் அல்ல, அது சுண்ணாம்பு. பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, மட்டையால் அடித்தார்கள். பழுப்புத் தட்டாமல் பளிச்சென்று தெரிய கொஞ்சம் நீலம் கலந்தார்கள். சுண்ணாம்பின் காரம் எல்லா நிறமிகளையும் ஏற்றுக்கொள்ளாது, பலவற்றைக் கொன்றுவிடும். அதில் தாக்குப்பிடித்தவை காவி, மஞ்சள் காவி, அல்ட்ராமரின் நீலம் என்று ஒருசில மட்டுமே. அந்த நீலமும் 1828இல் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கற்ற பிறகுதான் மலிவானது. அதுவரை அது வைடூரியம்போல விலைகொண்ட ஒரு கல்லை அரைத்து எடுப்பது. ஆக, கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டையும், திண்ணை வீட்டின் நீலமோடிய வெள்ளையும் 'எளிமை அழகியல்' என்று இன்றைக்குப் புகழப்படுகிறபோது, வேதியியலும் கையிருப்பும் சேர்ந்து விதித்த எல்லையைத்தான் நாம் அழகியலாக வாசித்துக்கொண்டிருக்கிறோம். சாம்பல் நிறத்துக்கும் இந்த வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய சிமெண்ட் ஆலை 1960களின் தொடக்கத்தில் ஆர்.ஆர். நகரில் ஓடத் தொடங்கியது. சுண்ணாம்புக் காரை போய் சிமெண்ட் பூச்சு வந்தது, அதன்மேல் சிமெண்ட் பெயிண்ட், டிஸ்டெம்பர், பிறகு எமல்ஷன். கடைசியாக, கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் வாளிக்குள் நிறமியைச் சொட்டுவிட்டுக் கலக்கித் தரும் மெஷின் சின்ன ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் விசித்திரம். எந்தக் கலரும் யாருக்கும் கிடைக்கும் என்றான அதே காலத்தில், வசதியுள்ளவர்களின் சுவர்கள் வெளிறத் தொடங்கின. சந்தனம், தந்தம், சாம்பல் கலந்த வெள்ளை, வெள்ளையிலேயே ஏழெட்டு வகை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷேடுகள் கொண்ட கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முதல் இரண்டு பக்கங்களைத் தாண்டாமல் இருப்பது ஒரு தகுதியாக மாறியது. பியர் பூர்தியு தன் 'டிஸ்டிங்ஷன்' (1979) நூலில் சொன்னதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ருசி என்பது அடுத்தவன் ருசியின்மீதான அருவருப்பாகவே முதலில் செயல்படுகிறது. 1856இல் வில்லியம் பெர்க்கின் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த பிறகு பளிச் நிறங்கள் வேலைக்காரப் பெண்ணுக்கும் எட்டுபவையாயின. எட்டியவுடனேயே அவை மலினம் என்று பெயர் பெற்றன. கிடைக்காதபோது கௌரவம், எல்லாருக்கும் கிடைத்துவிட்டால் 'மிட்டாய்'.

'வெயிலுக்கு லைட் கலர்தாங்க நல்லது' என்று ஒரு விஞ்ஞானமும் கூடவே வரும். பொய்யில்லை, வெளிர் நிறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் வெயில்தான் கவலை என்றால் முதலில் வெள்ளையடிக்க வேண்டியது மொட்டைமாடித் தளத்தை அல்லவா? உச்சிவெயில் முழுக்க அங்கேதான் விழுகிறது. அது தெருவிலிருந்து தெரியாது. அதனால் அதில் டீசன்ட்டும் கிடையாது.

இந்த வெளிறலுக்குக் கோட்பாட்டு முன்னோர்கள் உண்டு. கெதே 1810இல் வெளியிட்ட தன் நிறக் கோட்பாட்டு நூலில், நாகரிகமற்ற இனத்தாரும் படிக்காதவர்களும் குழந்தைகளும்தான் அழுத்தமான நிறங்களை விரும்புகிறார்கள், பண்பட்டவர்கள் தவிர்க்கிறார்கள் என்று எழுதிவைத்தார். லெ கார்பூசியே 1925இல் ஒவ்வொரு குடிமகனும் தன் வீட்டுச் சுவரை வெள்ளை ரிப்போலின் பெயிண்டால் அடித்துவிட வேண்டும் என்றார். அதே ஆள் 1931இல் ஒரு சுவிஸ் சுவர்த்தாள் கம்பெனிக்கு 43 ஷேடுகளைத் தேர்ந்து கொடுத்தார் என்பதைப் பக்தர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கிரேக்கப் பளிங்குச் சிற்பங்கள் ஒருகாலத்தில் வர்ணம் பூசப்பட்டவை. 1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தினான் சிற்பங்களை இன்னும் வெள்ளையாகத் தெரியட்டும் என்று சுரண்டியே விட்டார்கள். டேவிட் பாட்ச்லர் 2000இல் இந்த மனோபாவத்துக்கு 'குரோமோபோபியா', அதாவது நிற அச்சம், என்று பெயர் வைத்தார். நிறம் என்பது பெண்தன்மை, கீழைத்தேயம், பூர்வகுடி, கொச்சை ஆகியவற்றின் பக்கம் தள்ளப்படுகிறது என்பது அவர் வாசிப்பு.

பாட்ச்லரை அப்படியே இங்கே இறக்கி ஒட்டிவிட முடியாது. நம் ஆட்களுக்கு நிறத்தின்மேல் அச்சம் ஒன்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் தினமும் புதிதாக இலைகளால் ஒரு கிளி செய்து வைக்கிறார்கள், மாதுளம்பூ மூக்கோடு. ஆடிப்பூரத் தேருக்கு அந்தக் கிளிப்பச்சையில் பட்டுக் கட்டிக்கொண்டு வருகிற அம்மாவை யாரும் 'கண்ணக் குத்துது' என்பதில்லை, 'மங்களகரமா இருக்கு' என்கிறார்கள். அதே கிளிப்பச்சை காம்பவுண்டுச் சுவரில் ஏறினால் மிட்டாய் ஆகிவிடுகிறது. வெள்ளை மட்டும் பொருள் ஒன்றாகவா இருக்கிறது? சத்திரப்பட்டி தறிகளில் ஓடுகிற பேண்டேஜ் துணியும் வெள்ளை, கட்சிக்காரர் வேட்டியும் வெள்ளை, தாலியறுத்தவளுக்குக் கொடுத்த சேலையும் வெள்ளை. ஆகவே பிரச்சினை நிறத்தில் இல்லை. யார் சுவரில், யார் தெருவில், யார் பார்வைக்கு என்பதில் இருக்கிறது.

'வர்ணம் பூசுவது' என்று சொல்கிறோம். அந்தச் சொல் நிறத்துக்கும் சாதியடுக்குக்கும் ஒன்றாகவே இருப்பது பழகிப்போன சிலேடை, அதை நீட்டிக்கொண்டிருக்க விருப்பமில்லை. அதைவிட முக்கியம், யாரிடம் என்ன இருக்கலாம் என்பதைப் பார்வையால் கண்காணித்த வரலாறு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மீது விதித்த எட்டுத் தடைகளை ஜே.எச். ஹட்டன் பதிவுசெய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது. எல்லாமே கண்ணில் படுகிற பொருட்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று அதே மாவட்டத்தில்தான் இருந்தன, 1985இல்தான் பிரிந்தன. 1995 ஆகஸ்ட் 31 அன்று பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது, வளைகுடாச் சம்பாத்தியத்தில் வாங்கிய டி.வி.யும் மின்விசிறியும் உடைக்கப்பட்டன. பொருள் அழிக்கப்பட்டது என்பதைவிட, பொருள் இருப்பது தெரிந்துவிட்டது என்பதுதான் அங்கே குற்றம். தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற சொற்களுக்குக் கோபம் என்ற பொருளை முதலில் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில்தான் அவை நிறத்தையும் குறிக்கும் என்கிறார். தலித் தெருவில் ஒரு வீடு நீலமாகவோ செவ்வரளி நிறத்திலோ எழும்பும்போது 'கண்ணக் குத்துது' என்கிற வாயில் நிறம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று கேட்கலாம்.

இப்படிச் சொன்னதும் நம் நண்பர்கள் சிலர் உடனே பளிச் கலரை விளிம்புநிலையின் எதிர்ப்பு என்று கொண்டாடக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் நிதானிக்கணும். எனாமல் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் அந்தப் பளபளப்பைப் பல காலம் கொடுத்தது ஈயக் குரோமேட். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குக் கட்டுப்படுத்துகிற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்க்கிற பெயிண்டரின் நுரையீரலுக்குள் போகிற தூசிக்கு எதிர்ப்பு அரசியல் தெரியாது. நிறத்தை விற்பவர்களும் மாறிவிட்டார்கள். ஏசியன் பெயிண்ட்ஸுக்கு 1954இல் ஆர்.கே. லட்சுமண் வரைந்த 'கட்டூ' பையன் தூரிகையும் டப்பாவுமாக நிற்கிற குறும்பன். 2002இல் அவனை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, வீடு தன் சொந்தக்காரரைப் பற்றிப் பேசும் என்ற விளம்பரத்தைக் கொண்டுவந்தார்கள். சுவர் இனி சுவர் அல்ல, 'சுயம்'. அதே கம்பெனி ஒரு கலை அமைப்புடன் சேர்ந்து 2020இல் சென்னைக் கண்ணகி நகரின் அடுக்குமாடிகளில் பிரம்மாண்ட ஓவியங்களைத் தீட்டியது. நகரத்தின் உள்ளிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டவர்களின் சுவர்கள் அவை. ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன. அங்கே குடியிருக்கிற ஒருத்தி தன் வீட்டு வெளிச்சுவருக்கு என்ன கலர் என்று தானே முடிவுசெய்வதும் இதுவும் ஒன்றல்ல.

வீட்டுக்குள்ளேயும் இதே கேள்விதான். முன்பக்கத்துக்கு நம் கொத்தனார்கள் வைத்திருக்கிற பெயர் 'எலிவேஷன்'. அதன் கலரை ஆண்களும் இன்ஜினியரும் முடிவுசெய்கிறார்கள், 'அடுப்படிக்கு நீ பாத்துச் சொல்லு' என்று பெண்களுக்கு ஒரு ஒதுக்கீடு. ஆனால் நிறத்தின் மொழி முழுக்கப் பெண்களிடம் இருக்கிறது: மாந்தளிர், மயில்கழுத்து, வெங்காயச் சருகு, கத்தரிப்பூ, அரக்கு, ராமர் நீலம். சேலைக்கடையில் புழங்குகிற இந்தப் பெயர்களில் ஒன்றுகூட ஷேடு கார்டில் கிடையாது. அங்கே ஓர் ஆங்கிலப் பெயர், கூட ஒரு எண். 'அந்த மாந்தளிர் கலரு இருக்காண்ணே' என்று கேட்கிறவரிடம் 'நம்பர் சொல்லுங்கக்கா' என்கிற இடத்தில் ஒரு அறிவு செல்லாக்காசாகிறது. இதற்கு நடுவில் புகுந்துகொள்கிறவர் வாஸ்துக்காரர். இன்ஜினியர் வேண்டாம் என்று தடுத்த அழுத்தமான கலரை, திசையையும் ராசியையும் சொல்லி அவர் உள்ளே கொண்டுவந்துவிடுகிறார். தன் ஆசைக்கு வெளியிலிருந்து ஒரு சாஸ்திரத்தின் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது வீடுகளின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பக்கச் சுவர்களைப் பாருங்கள். எலிவேஷனில் தந்த நிறம், பக்கவாட்டில் பூசின சிமெண்ட் அப்படியே சாம்பலாக. கடன் எந்த இடத்தில் தீர்ந்துபோனது என்பதைச் சுவரின் விளிம்பில் கோடு போட்ட மாதிரி காட்டும். காலனி வீடுகளில் பலவற்றில் அந்தக் கோடு இருப்பதில்லை. சின்ன வீடு, நாலு பக்கமும் ஒரே நீலம்.