பகைவருக்கான ஜெபமும் படகில் வந்தவரும்

பகைவருக்காக ஜெபிப்பதையும் அகதிக்குக் கைகொடுப்பதையும் கிறித்தவ எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு தனி அறங்களாகவே பேசுகின்றன. ஒன்று உள்ளத்தின் வேலை, மற்றது கையின் வேலை என்று பிரித்துக்கொள்வது வசதியானது. தமிழகக் கடலோரக் கோடியக்கரையில் அந்த வசதி கிடையாது. 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து உயிர்தப்பி வந்த குடும்பங்கள் இறங்கிய கரைகளில் இதுவும் ஒன்று. ஈழ ஆயுத இயக்கங்களின் படகுகள் வந்துபோன கரையும் இதுவே. ராஜீவ் காந்தியைக் கொல்ல வந்த சிவராசன் குழு 1991 மே 1 அன்று இறங்கியதும் இங்கேதான். படகிலிருந்து இறங்குபவர் அடைக்கலம் தேடி வந்தவரா, ஆயுதத்தோடு வந்தவரா என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. எனவே இரண்டு அறங்களையும் ஒரே தேர்வாகக் கொண்டு, போர்க்காலத்தில் திருச்சபைகள் செய்ததை எடைபோடுவதே முறை.

அளவுகோல்கள் மூன்று. ஜெபம் பகைவர் யார் என்று சுட்டுகிறதா, அல்லது பொத்தாம்பொதுவாக உலக அமைதியைக் கேட்டு முடிந்துவிடுகிறதா? உதவி தன் இனத்தையும் தன் சபையையும் தாண்டிச் சென்றதா? விலை கொடுக்க வேண்டி வந்த பிறகும் அது நீடித்ததா? மலைப்பொழிவும் நல்ல சமாரியன் உவமையும் கேட்பவை இவைதாம். சபை தானே ஒப்புக்கொண்ட அளவுகளைக் கொண்டே அதை அளக்கிறோம்.

காவிரிப் படுகையின் பழைய சான்று மிஷனரி கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் (1726–1798). மைசூரின் ஹைதர் அலியின் படை 1781இல் தஞ்சைச் சீமைக்குள் புகுந்தபோது மக்கள் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். உள்ளே பட்டினிச் சாவு. வெளியே நெல் வைத்திருந்த குடியானவர்களோ, முன்பு கொடுத்ததற்கே பணம் வரவில்லை என்று கொண்டுவர மறுத்தார்கள். அரசரும் ஆங்கிலக் கும்பினியும் சொல்லி வராத நெல், சுவார்ட்ஸ் தந்த வாக்கை நம்பி வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. பகைத் தரப்பும் அவரை நம்பியது. 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது சென்ற அவரைத் தடுக்கக் கூடாது என்று போர் நடக்கும்போதே ஹைதர் தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். இது அரிய சாதனை. குறையும் உண்டு. அவர் தூது போனது கும்பினிக்காக. கும்பினிப் பட்டாளத்துக்குப் பாதிரியாராகவும் இருந்தவர் அவர். அந்த நெல் அகதிகளின் உயிரோடு கோட்டைப் படையையும் காத்தது. இரண்டாம் அளவுகோலில் அவர் உயர்ந்து நிற்கிறார். முதலாவதில், எந்த அதிகாரத்தின் நிழலில் நின்று பகைவரிடம் பேசினோம் என்ற கேள்வி அவருக்குப் பின்னும் நெடுங்காலம் விடையின்றி நின்றது.

அந்தக் கேள்விக்கு நேர்நின்று விடை சொன்னவர் குருநாகல் ஆங்கிலிக்கன் ஆயர் லக்‌ஷ்மன் விக்கிரமசிங்க. சிங்களவர், அவருடைய அண்ணன் மகன் ரணில் விக்கிரமசிங்க அன்றைய அரசில் அமைச்சர். 1983 ஜூலை வன்முறை நடந்தபோது ஆயர் வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்ததும் செப்டம்பரில் தம் மறைமாவட்டப் பேரவைக்கு ஆற்றிய உரையில், சிங்களவராகத் தாம் படும் வெட்கத்தைச் சொல்லித் தமிழரிடம் மன்னிப்புக் கேட்டார். அக்டோபரில் இறந்துபோனார். இந்த உரையின் பெருமை அதன் உருக்கத்தைவிட அதன் தர்க்கத்தில் இருக்கிறது. வலியவரும் மெலியவரும் பகைவருக்காக ஒரே ஜெபத்தைச் சொல்ல முடியாது. அடிபட்டவர் வெறுப்பை அடக்கினாலே அவருடைய ஜெபம் நிறைவு பெற்றுவிடும். அடித்த தரப்பில் இருப்பவரின் ஜெபமோ மன்னிப்புக் கேட்டால்தான் பொருள்படும். இந்த வேறுபாட்டைத் துலக்கமாகக் கண்டவர் அவர். ஆனால் அது தனியொருவரின் குரலாகவே நின்றது. அதை ஆண்டுதோறும் செய்யும் வழிபாடாகவோ நிறுவன நிலைப்பாடாகவோ வளர்க்கும் மன உறுதி தெற்கிலிருந்த சபைகளிடம் இருக்கவில்லை.

வடக்கின் சோதனைக்களம் மடு. தமிழரும் சிங்களவரும் ஒரே மாதாவிடம் வந்த திருத்தலம் அது. 1990 முதல் இடம்பெயர்ந்தோரின் அடைக்கலமாகவும் இருந்தது. 1999 நவம்பர் 20 அன்று அந்த வளாகத்திலேயே ஷெல் விழுந்து தஞ்சம் புகுந்தவர்கள் மாண்டார்கள். குருமார் மக்களை விட்டு அகலவில்லை. மன்னாரில் 1985இல் அருட்தந்தை மேரி பஸ்தியான் கொல்லப்பட்டார். அல்லைப்பிட்டியில் 2006இல் அருட்தந்தை ஜிம் பிரவுன் காணாமல் ஆக்கப்பட்டார். மூன்றாம் அளவுகோலில் இந்தச் சபைக்கு இணை சொல்வது கடினம். இரண்டாவதில்தான் தயக்கம் தெரிகிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களைத் துரத்தியபோது கிறித்தவர் தரப்பில் எதிர்ப்பே எழவில்லை என்பது அநியாயமான கூற்று. ஆனால் அரசின் ஷெல்லுக்கு எதிராக எழுந்த குரலின் உரம் அந்த எதிர்ப்பில் இருக்கவில்லை. துரத்தப்பட்டுப் புத்தளத்தில் ஒதுங்கிய அந்த முஸ்லிம்களும் அகதிகள்தாம்.

பாக்கு நீரிணையின் இக்கரையில் பணி திருத்தமானது. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே தொண்டர்களாக்கியது. பேத்ரோ அருப்பே 1980இல் நிறுவிய இயேசு சபை அகதிகள் பணி, அகதி முகாம் பிள்ளைகளின் படிப்பைத் தூக்கிப் பிடித்தது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு படகில் வந்தவர் எல்லாருமே சந்தேகத்துக்குரியவர் ஆனார்கள். முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்களுக்கும் தடைகள் வந்தன. அந்த நிலையிலும் இவர்கள் விலகாதது பாராட்டுக்குரியது. ஆயினும் முகாமுக்குள் பாடம் சொன்ன அளவுக்கு, நாற்பது ஆண்டுக்குப் பிறகும் முகாம் ஏன் முகாமாகவே இருக்கிறது என்ற கேள்வி பங்குக் கோயில்களின் மேடைக்கு வரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் கிறித்தவர்களைச் சேர்த்துக்கொண்டது. இலங்கையிலிருந்து வந்த தமிழர், கிறித்தவர் உட்பட, அதற்கு வெளியே நின்றனர். அகதிக்காக வழக்காடுவதும் பணியின் ஒரு பகுதி என்பதை உரக்கச் சொல்லும் தருணம் அது. சபைகள் அதைப் பாதியே பயன்படுத்தின.

மொத்தத்தில் ஈகையில் இச்சபைகள் உயர்வானவை. துணிவிலும் பல இடங்களில் அப்படியே. பகைவரை ஜெபத்தில் சுட்டும் நேர்மையில் விக்கிரமசிங்க போன்ற சிலரை விலக்கினால் மதிப்பெண் குறைவு. ஜெபமும் உதவியும் ஒரே தேர்வு என்பதால் அந்தக் குறை மொத்த மதிப்பையும் கீழே இழுக்கிறது.

தேர்வு முடிந்துவிடவும் இல்லை. இன்று கோடியக்கரைக் கடலில் நம் மீனவரின் வலையும் மீனும் பறிபோகின்றன. யாழ்ப்பாணத்து வடமராட்சி மீனவரோ தமிழக இழுவை மடியால் தம் வலை நாசமாகிறது என்கிறார். அகதியாக ஏற்றவரின் உறவினரே இப்போது பகைவர். இரு கரைப் பங்குகளும் எதிர்க்கரையின் நட்டத்தை வெளிப்படையாகச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கட்டும். மதிப்பெண்ணைத் திருத்தித் தரத் தடையில்லை.